வெளிநாட்டில் இருந்தபடி மலையகத்தில் புதிய டவுன்ஹவுஸ் வாங்குவது: முற்பணத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கட்டார், சவூதி, இங்கிலாந்து, கனடா என்று வெளியில் இருந்துகொண்டு ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, கண்டிப் பக்கம் புதிதாகக் கட்டும் வரிசை வீடு ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கு இது. விற்பவர் காட்டும் வரிசை எப்போதும் ஒன்றுதான்: படத்தைப் பாருங்கள், வீட்டைத் தெரிவு செய்யுங்கள், முற்பணத்தைப் போடுங்கள், பத்திரங்களைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் பிடிக்க வேண்டியது இதற்கு நேர் எதிரான வரிசை. குடியுரிமை, காணியின் உரித்து, மண்ணின் உறுதி, கட்டட அனுமதி, பணம் வரும் வழி இவை ஐந்தும் சரிவந்த பிறகே முற்பணம். கொடுத்த முற்பணத்தைத் திருப்பி எடுப்பது உள்ளூரில் இருப்பவருக்கே கடினம், ஆறாயிரம் மைல் தள்ளி இருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம்.

1. முதலில் உங்கள் குடியுரிமையைப் பாருங்கள்

இலங்கைக் கடவுச்சீட்டில் வெளிநாட்டில் வேலை செய்பவருக்கும், வெளிநாட்டு நிரந்தர வதிவிட அனுமதி மட்டும் எடுத்தவருக்கும் காணி வாங்கத் தடை இல்லை. அவர் இன்னும் இலங்கைக் குடிமகன்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவரின் நிலை வேறு. இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் இன்னொரு நாட்டின் குடிமகனாகிவிட்டால் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போய்விடும். பழைய தேசிய அடையாள அட்டை கையில் இருக்கிறது என்பதால் குடியுரிமையும் இருக்கிறது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் பிழை. அட்டை பெட்டியில் கிடக்கும், உரிமை போயிருக்கும்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியை உரிமை மாற்றுவதைத் தடை செய்கிறது. அடுக்குமாடிக் கட்டடமொன்றில் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு விலக்கு உண்டு, அதற்கான முழுப் பணமும் உறுதி (காணியின் உரிமையை மாற்றும் பத்திரம்) எழுதுமுன் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருந்தால். டவுன்ஹவுஸ் தரையோடு நிற்கும் வீடு. அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. ஆகவே வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு டவுன்ஹவுஸ் சொந்தமாக வராது. அதிகபட்சம் 99 வருடக் குத்தகைக்கு எடுக்கலாம்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் உறுதி எழுதும் நாளில் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். "விண்ணப்பம் போட்டிருக்கிறேன், வந்துவிடும்" என்பது போதாது, ஏனென்றால் சட்டத்துக்கு மாறான உரிமை மாற்றம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இதை முதல் வேலையாக முடித்துவிட்டு வீடு பார்க்கத் தொடங்குங்கள்.

இரண்டு குறுக்கு வழிகளை உங்களிடம் யாராவது சொல்வார்கள். ஒன்று, ஊரில் இருக்கும் தம்பி பெயரிலோ மாமா பெயரிலோ எழுதுவது. எழுதிய நாளிலிருந்து அது அவர் சொத்து. அவருடைய கடனுக்கும், விவாகரத்துக்கும், அவர் பிள்ளைகளின் உரிமைக்கும் அந்த வீடு உட்படும். இரண்டு, கம்பனி ஒன்றைப் பதிந்து அதன் பெயரில் வாங்குவது. 50 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் பங்குள்ள கம்பனிக்கும் அதே தடைதான்.

2. பெயர்கள் ஒத்துப்போக வேண்டும்

மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னே, வெளிநாட்டு அட்டையில் பின்னே. உறுதியில் ஏறும் பெயரும், பணம் அனுப்பும் வங்கிக் கணக்கின் பெயரும் வேறாக இருந்தால் பிற்பாடு விற்கும்போதும் பணத்தை வெளியே எடுக்கும்போதும் நிறுத்திவிடுவார்கள்.

எல்லாப் பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் புதிய பிரதிகளையும், பெற்றோர் பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற்றவர்களாக இருந்தால் அவர்களுடைய பிரஜாவுரிமைச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். இரட்டைக் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் அவை உதவும். வரி அடையாள இலக்கமும் இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

3. காணி யாருடையது: வேரிலிருந்து பாருங்கள்

விற்பவருக்குச் சார்பான நொத்தாரிசை (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) நம்பி இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியை வைத்து, நீங்களே கூலி கொடுத்து, குறைந்தது 30 வருடத்துக்கான உரித்தைத் தேடச் சொல்லுங்கள். காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பக்கங்களின் பிரதிகளை எடுத்து, ஈடு (அடமானம்), வழக்கு அறிவித்தல், நீதிமன்றத் தடை, குத்தகை எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. எழுத்தில் அறிக்கை கேளுங்கள். தொலைபேசியில் "எல்லாம் சரி" என்பது அறிக்கை ஆகாது.

மலையகத்தில் நான்கு வகைக் காணி அடிக்கடி வரும், நான்கிலும் சிக்கல் வேறு.

தோட்டக் காணி. பெருந்தோட்டங்களின் நிலம் பெரும்பாலும் அரசுடையது, கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. லயத்து வீட்டையோ லயத்தோடு சேர்ந்த துண்டையோ "என் இடம்" என்று ஒருவர் விற்றால், அவரிடம் விற்க உரித்தே இல்லாமல் இருக்கலாம். வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச் காணி கிடைத்தவர்களின் பத்திரத்திலும் கைமாற்றத்துக்கு நிபந்தனை உண்டா என்று வரி வரியாக வாசிக்க வேண்டும். தனியார் தேயிலைத் தோட்டத்தைத் துண்டாக்கி விற்கும்போது, துண்டாக்க அனுமதியும் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் கடிதமும் தேவைப்படுமா என்று கேளுங்கள். 1972 சட்டத்தின்படி ஒருவருக்கு 50 ஏக்கருக்கு மேல் இருந்த காணி ஆணைக்குழுவிடம் போனது. அந்தக் கணக்கில் வந்த துண்டை ஒருவர் இன்றும் விற்றுக்கொண்டிருக்கக் கூடும்.

அரசு அனுமதிப் பத்திரம், அளிப்புப் பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதமின்றி விற்க முடியாது. பத்திரத்தில் ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்ற பெயர் கண்டாலே நின்று கேளுங்கள்.

பிரிக்கப்படாத பங்கு. கண்டி, மாத்தளைப் பக்கம் பரம்பரைக் காணியில் இது சாதாரணம். உறுதியில் "பிரிக்கப்படாத எட்டில் ஒரு பங்கு" என்று இருந்தால், வீடு எந்தத் துண்டில் நிற்கிறது என்பது சட்டப்படி நிச்சயமில்லை. மற்றப் பங்காளிகளில் ஒருவர் பாகப்பிரிவினை வழக்கு போட்டால் உங்கள் சுவருக்குள்ளேயே கோடு விழலாம். இதை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

உரித்துப் பதிவுச் சான்றிதழ் உள்ள காணி. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பிம்சவிய என்ற அரச உரித்துப் பதிவுத் திட்டத்தில் பதிந்தது. எல்லை அளந்து உரித்து உறுதிசெய்யப்பட்டிருப்பதால் தேடல் சுலபம். ஆனால் எல்லா இடத்திலும் இது வரவில்லை.

பாதையையும் இங்கேயே பாருங்கள். பிரதான வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை பிளானில் தனித் துண்டாகக் காட்டப்பட்டு, உங்கள் உறுதியின் அட்டவணையில் வழியுரிமை எழுதப்பட வேண்டும். தோட்டத்துப் பாதை வழியாக வரும் வீடென்றால், நிர்வாகம் வாயால் சொன்ன அனுமதி அடுத்த மெனேஜர் வரும்வரைதான் நிற்கும்.

4. சரிவு: மலையகத்தில் பத்திரத்துக்குச் சமமான சோதனை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவையும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த சரிவுகளையும் பார்த்த பிறகு, "பார்க்க நல்ல இடம்" என்பது ஒரு காரணமே அல்ல.

தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு, என்பீஆர்ஓ என்று எல்லோரும் சொல்வது, மண்சரிவு ஆபத்துள்ள பகுதிகளுக்கு 1:10,000 அளவில் வரைபடம் வைத்திருக்கிறது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் கட்டுமானத்துக்கு அதன் மண்சரிவு ஆபத்து மதிப்பீடு தேவை. விற்பவரிடம் கேட்க வேண்டியது அந்த அறிக்கையின் முழுப் பிரதி, முதல் பக்கம் மட்டுமல்ல. நிபந்தனைகள் பின்பக்கங்களில்தான் இருக்கும்: எத்தனை மாடி, எங்கே தாங்கு மதில், எந்தக் கான் எங்கே போய் விழ வேண்டும், எந்த இடத்தில் மண் வெட்டக் கூடாது. அறிக்கையில் உள்ள பிளான் இலக்கமும் நீங்கள் வாங்கும் பிளான் இலக்கமும் ஒன்றா என்றும் பாருங்கள். ஆறு வீட்டுக்கு வாங்கிய அனுமதியில் ஒன்பது வீடு நின்றால் அந்த அறிக்கை உங்கள் வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொரு நுணுக்கம். வரைபடம் இயற்கைச் சரிவைக் காட்டும். வரிசை வீடு கட்ட மண்ணை வெட்டி ஒரு பக்கம் நிரப்பும்போது புதிய ஆபத்து ஒன்று பிறக்கிறது. பின்பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும் முன்பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கும் வீட்டில், ஓரிரு மழைக்காலத்தில் முன்பாதி இறங்கி நடுவில் வெடிப்பு வரும். அத்திவாரம் நிரப்பிய மண்ணைக் கடந்து கெட்டி மண்ணைத் தொடுகிறதா என்று பொறியியலாளரின் வரைபடத்தைக் கேளுங்கள்.

இடத்தில் பார்க்க வேண்டியவை: வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர், தாங்கு மதிலில் தண்ணீர் வெளியேறும் குழாய்கள் உண்டா, அவை மண்ணடைத்துப் போயிருக்கின்றனவா, மேலே சரிந்து நிற்கும் மரமோ மின்கம்பமோ, கதவு இறுகுவது, வெயில் நாளிலும் ஊறும் தண்ணீர். மதிலில் குழாய் இல்லையென்றால் மழையில் மண்ணுக்குள் தண்ணீர் தேங்கி, அதன் பாரத்தில் மதில் முன்னால் தள்ளப்படும்.

நீங்கள் வர முடியாவிட்டாலும் நம்பகமான ஒருவர் மழை நாளில் போய் வீடியோ எடுக்கட்டும். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்துக்கு ஜூன், ஜூலை. பதுளை, வெலிமடைப் பக்கத்துக்கு டிசம்பர். வெயில் நாளில் எல்லாக் கானும் நல்ல கான்தான். அந்தப் பக்கத்துக் கிராம உத்தியோகத்தரையும் கேளுங்கள்; 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழைக்கு என்பீஆர்ஓ வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கிறது, அப்படிப்பட்ட நாளில் அந்த ஊரார் எங்கே போனார்கள் என்பது வரைபடம் சொல்லாததைச் சொல்லும்.

5. அனுமதிகளும் இணக்கச் சான்றிதழும்

கேட்க வேண்டிய பத்திரங்கள்: உள்ளூராட்சிச் சபை அங்கீகரித்த கட்டட வரைபடம், காணியைத் துண்டாக்கிய பிளானின் அங்கீகாரம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், சபையின் உடைமைக்குள் வரவில்லை என்ற சான்றிதழ், கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ், அதாவது அங்கீகரித்த வரைபடப்படியே கட்டப்பட்டது என்ற சான்று. அவிசாவளை, ஹட்டன், நுவரெலியா ஏ7 வீதியோரமோ பேராதனையிலிருந்து பதுளை போகும் ஏ5 ஓரமோ என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டடக்கோடும் (வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற எல்லை) தேவை. ரயில் பாதை, ஓடை ஓரமென்றால் கட்டாமல் விட வேண்டிய ஒதுக்கிடத்தையும் பாருங்கள்.

காசு கொடுத்தே வாங்கினாலும் ஒரு வங்கியில் வீட்டுக் கடனுக்கான பத்திரப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி ஈடாக ஏற்காத வீட்டை நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குபவரும் கடன் எடுக்க முடியாது.

டவுன்ஹவுஸ் இரண்டு விதமாக விற்கப்படும். தனித் துண்டாகப் பிரித்த காணியோடு ஒரு விதம். இன்னொன்று, கொண்டோமினியம் பிளானின் கீழ் அலகாக: அதில் பாதை, தண்ணீர்த் தாங்கி, மலசலக் குழி பொதுச் சொத்து, முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் மாதக் கட்டணமும் உண்டு. எது என்று எழுத்தில் கேளுங்கள். தனித் துண்டு என்று சொல்லிவிட்டு, ஒன்பது வீட்டுக்கும் ஒரே குழியை வைத்து அதை யார் சுத்தம் செய்வது என்று எங்கும் எழுதாமல் விடுவதுதான் அயலவர் சண்டைக்கு முதல் வித்து.

6. பணம் வரும் வழி

வெளிநாட்டில் வதிபவரும் இரட்டைக் குடியுரிமை உள்ளவரும் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றை வர்த்தக வங்கியில் திறந்து, பணத்தை வெளிநாட்டிலிருந்து அதற்குள் கொண்டுவந்து, அங்கிருந்து விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். காரணம், நாளைக்கு வீட்டை விற்றால் அந்தப் பணத்தைத் திரும்ப வெளியே எடுக்க இந்தப் பதிவே ஆதாரம். உண்டியலில் அனுப்பினாலோ, தம்பியின் கணக்குக்குப் போட்டு அவர் கொடுத்தாலோ அந்த ஆதாரம் இல்லை. ஒவ்வொரு அனுப்பலின் வங்கிச் சான்றையும் உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முத்திரைத் தீர்வை சந்தைப் பெறுமதிக்கே கணக்கிடப்படும். பதிந்த விலைக்கு மேல் நீங்கள் கொடுத்த பணம் சட்டத்தின் கண்ணில் இல்லாத பணம்.

தீர்வைக் கணக்கு இது: முதல் 100,000 ரூபாய்க்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 3 கோடி ரூபாய் வீட்டுக்கு 3,000 உம் 1,196,000 உம் சேர்ந்து 1,199,000 ரூபாய். வழக்கமாக இதை வாங்குபவரே கட்டுவார். நொத்தாரிசுக் கட்டணம், பதிவுக் கட்டணம் தனி. விலையில் வட் (பெறுமதி சேர் வரி) அடங்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வட் 18 சதவீதம், வீட்டு விலையில் அது சிறு தொகை அல்ல.

7. ஒப்பந்தம்

விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சியோடு எழுதப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். அசையாச் சொத்து பற்றிய ஒப்பந்தம் அப்படி எழுதப்படாவிட்டால் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி செல்லாது. கம்பனியின் பெயரட்டை ஒட்டிய "முற்பதிவுப் படிவம்" ஒப்பந்தம் ஆகாது.

பணத்தை மாதக் கணக்கில் கொடுக்காதீர்கள். வேலையின் கட்டத்துக்குக் கட்டம் கொடுங்கள்: அத்திவாரம், கொங்கிறீற் தட்டு, கூரை, பூச்சு. ஒவ்வொன்றையும் உங்கள் ஆள் பார்த்துப் படம் அனுப்பிய பிறகு. கடைசி 10 முதல் 15 சதவீதத்தை இணக்கச் சான்றிதழும் உறுதியும் கைக்கு வரும்வரை வைத்திருங்கள். சாவி கொடுத்து ஒரு மழைக்காலம் முடியும்வரை குறைகளைத் திருத்தும் பொறுப்பும் அதில் எழுதப்பட வேண்டும். வெயிலில் வாங்கிய வீட்டின் கசிவு மழையில்தான் தெரியும்.

8. அற்றோணித் தத்துவம்

ஊரில் ஒருவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போட விசேட அற்றோணித் தத்துவம் கொடுங்கள், பொது அற்றோணித் தத்துவம் வேண்டாம். பிளான் இலக்கம், துண்டு இலக்கம், செய்யக்கூடிய வேலைகள், முடியும் திகதி எல்லாம் அதில் இருக்கட்டும். விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரம் கொடுக்காதீர்கள். வாங்குவதற்கு அது தேவையில்லை.

இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு உறுதிப்படுத்தி, கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சரிபார்த்து, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் நொத்தாரிசு ஏற்கமாட்டார்.

9. உறுதியும் பதிவும்

கையெழுத்திடும் நாள் காலையில் பதிவேட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பதிவுக்குக் கொடுத்து இன்னும் ஏறாத பத்திரங்கள் பதிவகத்தின் அன்றாட வரவுப் பதிவேட்டில்தான் இருக்கும், பதிவேட்டுப் பக்கத்தில் இராது.

நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உறுதியின் இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்புவார். பலர் அதைத்தான் பதிவு என்று நினைத்துவிடுகிறார்கள். அது வேறு. மூல உறுதியைத் தனியாகக் கொடுத்துப் பதிய வேண்டும். பதியாத உறுதியை விட, பின்னால் வந்து பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்த உறுதிக்கே முன்னுரிமை. பதிந்த மூல உறுதியும், உங்கள் பெயர் ஏறிய பதிவேட்டுப் பிரதியும் கையில் வந்தால்தான் வேலை முடிந்தது.

10. சாவி வாங்கும் நாள்

பொதுச் சுவர் கூரை வரை போகிறதா என்று சீலிங் திறப்பு வழியாக ஏறிப் பாருங்கள். சுவரைச் சீலிங்கோடு நிறுத்திவிட்டால், பக்கத்து வீட்டிலிருந்து சீலிங் மேலாகவே உங்கள் வீட்டுக்குள் ஆள் வரலாம், தீயும் வரும். வரிசை வீடுகளில் காணும் குறை இது, சாவி கொடுத்த பிறகு திருத்துவதும் மிகக் கடினம்.

குளியலறைத் தரையில் வடிகானை அடைத்து ஓரங்குலத் தண்ணீர் 24 மணித்தியாலம் நிற்கட்டும். கீழ்மாடிச் சீலிங்கில் ஈரம் வந்தால் தரை கசிகிறது. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மின்மானி கட்டுமானத்துக்கு எடுத்த தற்காலிக இணைப்பாக இருக்கக் கூடாது. கலி பவுசர் (மலசலக் குழியை உறிஞ்சி எடுக்கும் வண்டி) குழிக்குப் பக்கத்தில் வர முடியுமா என்று நின்று பாருங்கள்.

பின் ஒரு மாதத்துக்குள் சபையின் ஆதன வரிப் பதிவேட்டிலும், மின்சாரக் கணக்கிலும், தண்ணீர்க் கணக்கிலும் பெயரை மாற்றுங்கள். வீட்டைப் பூட்டி வைப்பதென்றால், மழை தொடங்குமுன் கானிலும் பீலியிலும் உள்ள இலைகளை அள்ளவும் மாதத்துக்கு இரண்டு முறை யன்னலைத் திறந்துவிடவும் பக்கத்தில் ஒருவரைக் கூலிக்கு வையுங்கள். நுவரெலியாக் குளிரில் மூடிக் கிடக்கும் அறையில் ஆறு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.